பதினெட்டு நிமிடம் முன்னதாக

27 ஜூலை 2025, ஞாயிறு

என் பெயர் ஆனந்தராஜ், வயது ஐம்பது, செஞ்சி வட்டத்தில் நில அளவர். கணினியில் விமானம் ஓட்டுவோர் இணையத்தில் கூடும் ஒரு வலையமைப்பில், நான்கு ஆண்டுகளாகச் சென்னை வான்வெளியின் கட்டுப்பாட்டாளராகவும் இருக்கிறேன். விமானங்கள் திரையில்தான் பறக்கின்றன. விதிகள் மேலே இருக்கும் வானத்தினுடையவை. அவ்விதிகளை நம் விமானிகளுக்கான ஒரே கையேடாகத் தொகுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். ஆகஸ்ட் 15 மாலை நடைபெறும் சுதந்திர தினக் கூட்டுப் பறப்புக்கு முன் முடிக்க வேண்டும். அந்த வேலையின் பதிவே இந்த நோட்டு.

முதல் விதியை இன்று எழுதினேன்: எல்லா நேரமும் யூ.டி.சி.யில் குறிக்கப்படும். உலகின் விமானங்களுக்கெல்லாம் அதுவே பொதுக் கடிகாரம். நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்தால் கிடைக்கும்.

31 ஜூலை, வியாழன்

பதினேழாம் விதி: விமானி மீது தவறான புகார் அளிக்கும் கட்டுப்பாட்டாளர் பதினான்கு நாட்கள் பணியில் அமரக் கூடாது.

வாசித்துக் காட்டினேன். மனைவி சுமலதா கீரை ஆய்ந்தபடியே கேட்டாள். “இல்லாத ஏரோப்ளேனுக்கு இவ்ளோ சட்டமா? ரேஷன் கடை க்யூவுல போய் இதுல பாதியைச் சொல்லுங்க, ஊருக்காவது உதவும்.”

விதி நன்றாக வந்திருக்கிறது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நாள் முழுக்கக் கரண்ட் இல்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

வழித்தட வரைபடங்கள் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, வியாழனன்று மாறும். ஏழாம் தேதி புதியது. வழக்கம்போல் விடியும் முன் எழுந்து அதை ஏற்றிவிட்டு, பணியில் அமர்ந்தேன்.

5.12க்கு மதுரையிலிருந்து ஒரு சரக்கு விமானம். ஓட்டியவர் தமிழினி, அவலூர்பேட்டையில் விதைக்கடை வைத்திருக்கிறார், கடை திறக்கும் முன் தினம் ஒரு பறப்பு. இந்தப் பக்கத்தில் வலையமைப்பில் இருப்பது நாங்கள் இருவர்தான். பழைய வழியில் இறங்க வந்தார். புதிய வழியில் வரச் சொன்னேன். “இயலாது” என்றார். மீண்டும் சொன்னேன். “இயலாது. என் வரைபடம் செல்லும்.” பழைய வழியிலேயே இறங்கியும் விட்டார்.

காலாவதியான வரைபடம்; கட்டளை மீறல். ஆறு மணிக்குள் புகாரை அனுப்பிவிட்டேன். மரியாதையான மொழியில், நான்கு பத்தி.

8 ஆகஸ்ட், வெள்ளி

தமிழினி போன் செய்தார்.

“சார், பதினாலாம் தேதி எனக்குக் கட்டுப்பாட்டாளர் பரீட்சை. என் மேல புகார் இருந்தா எழுத உடமாட்டாங்க. ரெண்டு வருஷமா படிக்கிறேன் சார்.”

“பழைய படத்தோட வந்தது நீங்கதானே?”

“நேரத்தைப் பாத்தீங்களா?”

“தேதியைப் பாத்தேன். ஏழாம் தேதி.”

“சரி சார். கடையில ஆளு நிக்குது. பதிலை எழுத்துலயே குடுக்கிறேன்.” வைத்துவிட்டார்.

நேரத்தில் என்ன இருக்கிறது?

11 ஆகஸ்ட், திங்கள்

வல்லத்தில் அளவை. தனகோட்டி என்பவரின் கடலைக் கொல்லை உட்பிரிவாகியிருக்கிறது; உத்தரவு புதன்கிழமைதான் நடைமுறைக்கு வருகிறது. இன்றே புதிய எல்லையில் கல் நடச் சொன்னார்.

“அதுவரைக்கும் பழைய படம்தாங்க செல்லும்” என்றேன்.

“ரெண்டு நாள் முன்னாடி நட்டா இன்னா சார்? கல்லு எழுந்து ஓடிடுமா?”

“ரெண்டு நிமிஷம் முன்னாடி நட்டாலும் தப்புதான்.”

சொல்லிவிட்டு வரப்பிலேயே நின்றுவிட்டேன். தனகோட்டி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வெயில் என்று நினைத்திருப்பார்.

நிமிஷம். 5.12. ஐந்தரை மணியைக் கழித்தால் — ஆறாம் தேதி, 23.42. யூ.டி.சி.யில் ஏழாம் தேதி பொறக்கவே இல்லை! புதுப் படத்துக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்திருக்குது. அந்தம்மா சரியாத்தான் வந்திருக்காங்க. முதல் விதியை எழுதின கை, மேசைக் கடிகாரத்தைப் பாத்துப் புகார் எழுதியிருக்குது. சோம்பேறிக்கு இந்தத் தப்பு வராது. நேரத்தோட எழுந்து படத்தை மாத்துறானே, அவனுக்குத்தான் வரும்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

பெங்களூரில் இருக்கும் எங்கள் தலைவர் பீமாராவிடம் காலையிலேயே பேசினேன்.

“வெளியில யாருக்கும் தெரியாது, ஆனந்தராஜ். புகாரை அழிச்சிடறேன். பதினஞ்சாம் தேதி சென்னைக்கு உங்களை விட்டா ஆள் ஏது?”

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மறுத்துவிட்டேன். அழித்தால் காரணமும் அழிந்துவிடும். புகாரைத் திரும்பப் பெற்று, என் பிழையை நேரக் கணக்கோடு எழுதி, பதினேழாம் விதியை என் மீது செலுத்தும்படி கோரினேன். இதற்கும் நான்கு பத்தி.

“கையேடுதான் இன்னும் வெளியில வரலையே. பதினாலை ரெண்டா குறைச்சுக்கக் கூடாதா?” என்றாள் சுமலதா. நான்கு ஆண்டுகளாக அந்த மாலைக்காக நான் எப்படித் தயாராகிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை.

பிறகு தமிழினியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“பதிலை டைப் அடிச்சு ரெடியா வச்சிருந்தேன் சார், சாயங்காலம் அனுப்பலாம்னு” என்றார். “இதுலயும் நீங்க முந்திக்கிட்டீங்க.”

வெகுநேரம் சிரித்தார். நானும்.

14 ஆகஸ்ட், வியாழன்

தமிழினி தேர்ச்சி. நாளைய சென்னைப் பணி அவருக்கே. பீமாராவ் கேட்டார்; நானும் பரிந்துரைத்தேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

மேசைக் கடிகாரத்தில் இப்போது யூ.டி.சி. ஓடுகிறது. பன்னிரண்டரைக்குச் சாப்பிட வந்தேன். சுமலதா அதை எட்டிப் பார்த்து, “மணி ஏழுதானே ஆவுது, அதுக்குள்ள சோறா?” என்றாள்.

பணியில் அமரத்தான் எனக்குத் தடை. விமானியாகப் பறக்கத் தடையில்லை. பதினேழாம் விதியை மூன்று முறை படித்து உறுதி செய்துகொண்டேன். மதுரையிலிருந்து சென்னைக்குப் பறப்புத் திட்டம் பதிவாகிவிட்டது, புறப்பாடு யூ.டி.சி. 13.00. தமிழினி சொல்லும் வழியில், சொல்லும் உயரத்தில் வருவேன். அவருடைய ஒவ்வொரு கட்டளையையும் பிழையின்றித் திருப்பிச் சொல்வேன். 12.59க்குச் சக்கரம் அசையாது.