சாம்பல் போடாமல் சிவந்த ஹைட்ரேஞ்சியா

என் செல்லத் தங்கச்சி பாக்கியம்,

மண்சரிவு உன்னைத் தோட்டத்து லயத்து வீடுகளோடு மூடிக்கொண்டு போய் எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது. உன்னை எடுக்க முடியவில்லை. லயம் இருந்த மேட்டில்தான் இதுவரை உனக்கு விளக்கு வைத்தோம்.

இப்போது உன் மகள் சுதாவுக்குக் கல்யாணம். ஒரு சேலையை உனக்குப் படைத்து, அதை அவள் உடுத்த வேண்டும். நீ இருக்கும் இடத்தில்தானே படைக்க வேண்டும்? அந்த இடம் எது என்பதில்தான் வீட்டில் சண்டை.

மேட்டிலிருந்து வெகு கீழே, சரிந்த மண்ணில் ஒரு ஹைட்ரேஞ்சியா வளர்ந்திருக்கிறது. மண்ணில் புதைந்த கிளையும் வேர்விடும் செடி அது, அதில் அதிசயமில்லை. ஆனால் பூ ரோஸ் நிறம்.

தேயிலை மண் புளிப்பு. அதில் இந்தப் பூ நீலமாகத்தான் வரும். லிட்மஸ் தாளுக்கு நேர்மாறு என்று வகுப்பில் சொல்லுவேன். லயத்தில் எல்லார் வாசலிலும் நீலம். நீ ஒருத்திதான் அடுப்புச் சாம்பலைக் கொட்டிக் கொட்டி ரோஸாக்கினாய்.

சாம்பலை மழை கரைத்துவிடும். போடுவதை நிறுத்தினால் பூ நீலத்துக்குத் திரும்பும். இது மாறவேயில்லை. அதில் ஒரு கிளையை வெட்டிவந்து பதுளையில் என் வாசலில் ஊன்றினேன். நீலமாகப் பூத்தது. அப்படியானால் அங்கே சாம்பல் போடுவது யார்?

“அடியில லயத்துச் சுண்ணாம்புச் செவுரு கெடக்கும்டி, அதுவும் சாம்பல் மாதிரிதான்” என்றேன் சுதாவிடம்.

“செவுரு அங்க கெடந்தா அம்மாவும் அங்கதானே பெரியம்மா?”

உன் வீட்டுக்காரர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “கொழுந்து எடுக்கக்கூட யாரும் அந்தப் பக்கம் போறதில்ல, மதினி. கல்யாணப் பொண்ணக் கூட்டிட்டுப் போவாங்களா?”

“நீங்க மேலயே நில்லுங்கப்பா. எங்கம்மா ஒண்ணும் கடிக்காது” என்றாள் உன் மகள்.

நாங்கள் இருவரும் இறங்கினோம். பனிமூட்டம், துளி காற்றில்லை. செடியடியில் சேலையை வைத்துச் சூடம் ஏற்றினோம். சுடர் நிமிர்ந்தே நின்றது. பூக்கொத்துகள் மட்டும் அசைந்தன.

சுதா சேலையை எடுத்து முகத்தில் வைத்தாள். “மோந்து பாருங்க பெரியம்மா.”

விறகுப் புகை. சேலை வெதுவெதுப்பாக இருந்தது. சூடத்தின் சூடாக இருக்கலாம். ஆனால் சூட வாசனை எனக்குத் தெரியாதா, பாக்கியம்?

அதையே உடுத்தித்தான் அவள் மணவறையில் உட்கார்ந்தாள்.

அந்த இடத்தைத் தோண்டிப் பார்ப்போம் என்கிறார்கள் சிலர். நான் விடமாட்டேன். பூ காய்ந்ததும் வருவேன். தேயிலையைக் கவ்வாத்து செய்வதுபோல் அடியோடு வெட்டாமல், நல்ல கணுவுக்கு மேலே நறுக்கிவிடுவேன். சாம்பல் மட்டும் கொண்டுவர மாட்டேன். நிறத்தை நீயே பார்த்துக்கொள்.

உன்னோடு பிறந்த அக்கா,
சரசு