உள்ளே ஒடியும் சாவி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வர இரண்டு வாரம் ஆகும் என்பதால், நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

உன் மாத்திரை வேலை செய்கிறது. அந்த விபத்துக்குப் பிறகு உன் அத்தானின் தோள்பட்டையில் வருடக்கணக்காகக் குடியிருந்த வலி, நீ சேர்த்துவிட்ட பரிசோதனையில் ஒரே ஒரு மாத்திரை விழுங்கிய மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போய்விட்டது. மறுபடி ஸ்கூல் பஸ் ஓட்டக் கிளம்பிவிட்டார். அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் போகிறோம் என்று குட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி என்னதான் மருந்து அது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. உன் ஆய்வகத்து இயக்குநருக்கு எழுதுவது போல எழுதாதே.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இயக்குநருக்கு நாங்கள் படம் வரைந்துதான் சொல்கிறோம். அதையே உனக்கும் சொல்கிறேன்.

உடம்புக்குள் பூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற சாவியை உடம்பே செய்துகொள்கிறது. வலிக்கென்றும் ஒரு பூட்டு உண்டு; அதன் சாவி வந்து திருகினால்தான் உனக்கு வலிக்கும். மருந்து என்பது கள்ளச்சாவி. நாங்கள் ஆராய்ச்சி என்று கௌரவமாகச் சொல்வது கள்ளச்சாவி அடிக்கும் தொழிலைத்தான். மற்றவர்கள் அடித்த சாவி சில மணி நேரத்தில் கழன்றுவிடும். அதனால் தினம் மூன்று வேளை மாத்திரை. எங்களுடையது நுழைந்ததும் உள்ளேயே ஒடிந்துவிடும். அசல் சாவி வந்தாலும் வாசலில் நின்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

உடம்பு எப்போது புதுப் பூட்டு போடும் என்று கேட்பாய். தெரியாது. எலிகளுக்குப் போடவில்லை. காத்திருந்து பார்த்தோம், அதற்குள் அவை வயதாகிச் செத்துவிட்டன.

வலி பத்துக்கு எத்தனை என்று வாரந்தோறும் கேட்டால், அத்தான் பூஜ்யம் என்கிறாராம். எங்கள் வரைபடத்திலேயே அழகான புள்ளி அவர்தான்.

உன் தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

இதைப் போனில் சொல்ல முடியாது. வீட்டில் இருப்பது அவர் போன் ஒன்றுதான்; பேசினால் உன் அழகான புள்ளி பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்.

எதிர்வீட்டு நாய் பாய்ந்து வந்தது. தெருவே ஓடியது, இவர் நின்று வேடிக்கை பார்த்தார். கடித்தது. கடித்த இடத்தையும் வேடிக்கை பார்த்தார். "என்னங்க, ரத்தம் வருது!" என்று கத்தினால், "ஆமா, வருது" என்கிறார். என்னிடம்கூடப் பயமில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார்: "இன்னிக்கு ரயில்வே கேட் எறங்கிட்டு இருந்துச்சு. உள்ள பூந்து அந்தப் பக்கம் வந்துட்டேன்."

"பஸ்ஸுல பிள்ளைங்க இருந்தாங்களா?"

"எல்லாரும் இருந்தாங்க. கொஞ்சம் தண்ணி ஊத்து."

குட்டி தட்டைப் பார்த்தபடி, "அப்பா ஹாரன்கூட அடிக்கலம்மா" என்றாள்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். "ஏன், என்ன ஆயிடும்?" என்று கேட்டார். கேலி இல்லை தம்பி. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

குட்டியை இப்போது நடத்தியே கூட்டிப் போகிறேன். மற்ற பிள்ளைகள்? தலைமையாசிரியையிடம் போனேன். "வண்டி பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுது. லீவு இல்ல, லேட் இல்ல, முன்ன மாதிரி முனகலும் இல்ல. இதுல என்னம்மா புகார்?" என்றார். இவருக்குப் பயமே இல்லை என்றேன். "டிரைவருன்னா அப்படித்தான் இருக்கணும்" என்றார். மருந்து கொடுத்தவர்கள் எழுதித் தந்தால் மட்டும் நிறுத்துவாராம்.

இவர் வண்டி ஓட்டக் கூடாது என்று உன் ஆபீஸ் தாளில் ஒரே ஒரு வரி. உடனே அனுப்பு.

உன் அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன், முடிக்கும்போது உட்கார்ந்திருந்தேன்.

பயத்துக்கும் ஒரு பூட்டு உண்டு. வலிப் பூட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை போல, சாடை ஒத்திருக்கும். எங்கள் சாவி அதிலும் நுழைந்து ஒடிந்திருக்கிறது. எலிகள் சொல்லத்தான் செய்தன. மாத்திரை தின்றவை கையை நீட்டினால் ஓடவில்லை, கடிக்கவில்லை. தாமே வந்து உள்ளங்கையில் ஏறிக்கொண்டன. 'நல்ல ஒத்துழைப்பு' என்று எழுதிவைத்தோம். கையுறைகள் கிழிவது குறைந்ததற்குப் பாராட்டுகூட வந்தது. மனிதனைக் கண்டு பயப்படாத எலிக்கு ஏதோ கோளாறு என்று, மனிதர்களான எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இயக்குநரிடம் சொன்னேன். "பயம் போறதெல்லாம் பக்கவிளைவாப்பா? ஜனங்க கியூவுல நிப்பாங்க" என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "ஒரு வரி வெளிய போச்சுன்னா, உனக்கு எந்த லேப்லயும் டெஸ்ட் டியூப் கழுவுற வேலைகூடக் கிடைக்காது" என்றார்.

நீ கேட்ட வரியை எழுதிவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி. கை நடுங்குகிறது, சிரிக்காதே. திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடுவேன். அதுவரை அத்தானை எப்படியாவது வீட்டில் பிடித்து வை.

உன் தம்பி


ஏப்ரல் 25

தம்பி,

திங்கட்கிழமை போய்விட்டது.

இவருக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குச் சொன்னேன். இவரே போய் நின்று இல்லை என்று சொல்லிவிட்டார். நானே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஊழியர் குடும்பத்துக்கு அனுமதி இல்லை என்று இறக்கிவிட்டார்கள். மற்ற அம்மாக்களிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்க வீட்டுக்காரர் தங்கம்ங்க, டயத்துக்கு வந்துடுறார்" என்கிறார்கள். கேட் இருக்கிற ரோட்டில்தான் இப்போதும் போகிறார். அது சுருக்கு வழியாம். ரயில் கூவும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன்.

நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பக்கத்து அறைக்கு விளக்குப் போடப் போவதற்கே என் கையைப் பிடித்துக்கொள்வாய். பரவாயில்லை. பயந்துகொண்டே கையெழுத்துப் போடு.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீ சொன்னது சரி, பயம்தான். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில், கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது என்று மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். கையெழுத்துப் போடுகிற தைரியம் வந்தால் போதும் என்றுதான்.

மறுநாள் காலை கை நடுங்கவில்லை. அந்த நிம்மதியைச் சொன்னால் உனக்குப் புரியாது. காகிதத்தோடு நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து, கையெழுத்துப் போடுமுன் நான் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். அத்தான், பஸ், கேட், பிள்ளைகள். பிழையே இல்லை. ஆனால் இதற்கு ஏன் இத்தனை பதற்றப்பட்டோம் என்று எனக்கே விளங்கவில்லை. அவர் டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். காகிதம் அங்கேதான் எங்கேயோ இருக்கும்.

நீயும் கவலையை விடு அக்கா. குட்டியை நாளையிலிருந்து பஸ்ஸிலேயே அனுப்பு. அவ்வளவு தூரம் நடந்தால் கால் வலிக்கும், பாவம்.

உன் தம்பி