பம்பாய்ப் பூனைமேல் எனக்கு வந்த சந்தேகம்

அக்கா,

இன்று காலை, பளபளப்புக்குக் கிளேஸ் பூசிக் காயவைத்த பொம்மை ஒன்றின் கன்னத்தில் ஒரு கறுப்பு முடி ஒட்டியிருந்தது. என் புடவையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். முடியை எறிய மனம் வராமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வேர்வரை கறுப்புதானா என்று. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் பூனையை நான் இன்னும் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் தம்பி மகள் அதை ஒரு கூடையில் சென்னையிலிருந்து நம் பட்டறைக்கே கொண்டு வந்தாள். "அத்தே, இது சாதாரண பூனை இல்ல. பம்பாய் பூனை. புது வூட்டுக்காரங்க வச்சுக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள். எனக்கு அப்போதே உறுத்தியது. உங்களோடு ஒரே மேசையில் பதினெட்டு வருடம் பொம்மைக்குக் கண் வரைந்தவள் நான். எதை எடுத்தாலும் முதலில் பழுதைத்தான் தேடுவேன்.

அன்றே போனில் படித்தேன். குட்டை முடி, அதுவும் வேர்வரை கறுப்பு, எண்ணெய் தேய்த்தாற்போல் மினுமினுப்பு, செம்பு நிறத்தில் உருண்டைக் கண், மூக்கும் உள்ளங்காலும்கூடக் கறுப்பு. ஆளை விட்டு நகராதாம். அமெரிக்காவில் ஒரு அம்மா நம் நாட்டுக் கருஞ்சிறுத்தையைச் சின்னதாகப் பார்க்க ஆசைப்பட்டு, பர்மாப் பூனையையும் அந்த ஊர்க் கறுப்புப் பூனையையும் சேர்த்து உண்டாக்கிய இனமாம்.

"பம்பாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. பேர்லயே பொய் இருக்குது."

நீங்கள் தூரிகையைக் கீழே வைக்கவேயில்லை. "நம்ம கிராமத்துப் பொம்மைய பாண்டிச்சேரி பொம்மைன்னு சொல்லி விக்கிறாங்க. அதனால பொம்மை பொய்யாயிடுமா?"

அந்த ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்து பூனையைப் புரட்டிப் பார்த்தேன். மூக்கு கறுப்பு, பாதம் கறுப்பு, கண்ணும் செம்புதான். கழுத்துக்குக் கீழே மட்டும் நாலைந்து வெள்ளை முடி. "தெருப் பூனைதான்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அது உங்கள் காலடியிலேயே படுத்துக்கொண்டது.

அப்படியானால் உங்கள் தம்பி மகள் ஏன் பொய் சொன்னாள்? அதற்குப் பிறகு தினமும் போன் வேறு. பூனையைப் பார்க்கணுமாம். நான் உள்ளே வந்தால் நீங்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தினீர்கள். நீங்கள் தனியாக இருப்பவர், சொந்த வீடு. நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த முறை அவள் வந்தபோது, நீங்கள் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடுவதை வாசலிலிருந்தே பார்த்தேன்.

"பூனையைக் காட்டி வூட்ட எழுதி வாங்கிட்டியா?" என்று கத்தினேன்.

 அவள் கண் நிறைந்துவிட்டது. நீங்கள்தான் காகிதத்தை என் பக்கம் தள்ளினீர்கள். "படிச்சுப் பாரு."

ஆபரேஷனுக்கான இன்ஷூரன்ஸ் விண்ணப்பம். நோயின் பெயரை இரண்டு முறை படித்தேன். நாலு மாதமாக அவளுக்கு மட்டும் தெரியும். தினமும் மாத்திரை போட்டீர்களா என்று கேட்கத்தான் அந்தப் போன். எனக்குத் தெரியாமல் இருக்கத்தான் பூனைப் பேச்சு.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ நாள் பூரா என் மூஞ்சியே பாத்துட்டு இருப்ப. எனக்குக் கை நடுங்கும். பொம்மைக்குக் கண்ணு கோணிக்கும்."

நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்பது சரியாகத்தான் பட்டிருக்கிறது எனக்கு. அவளைப் பார்த்த கண், உங்களைப் பார்க்கவில்லை. நீங்கள் சாப்பாட்டைப் பாதியில் மூடியதையும், ஜாக்கெட் தளர்ந்ததையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனிக்காமல் விட்டவள் நான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரம் போய்விட்டீர்கள். காரியம் முடிந்ததும் அவள் பூனைக் கூடையை என் கையில் கொடுத்தாள். "அத்த உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க. சந்தேகப்படறவதான் நல்லா கவனிச்சுப்பான்னு சொன்னாங்க." அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்கக்கா" என்றாள். பூனை நிஜமாகவே பம்பாய்ப் பூனையா என்றும் கேட்டேன். "மழையில கார் அடியில கெடந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு இருவரும் அழுதோம்.

என் சந்தேகம் எங்கும் போகவில்லை, அக்கா. உங்கள் நாற்காலிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் நாலு நாளாகச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு ஏதோ மறைக்கிறாள். பின்னால் போய் யாரிடமும் விசாரிக்கவில்லை. நேற்று டீ நேரத்தில் அவளிடமே கேட்டேன்: "உடம்புக்கு என்னம்மா?"

 அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.