இளைத்த மரக்கால்

தை 9, வியாழன்

அறுப்புக் கூலியைக் கூட்டித் தருவதாகச் சங்கத்துக்காரர்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டு, என் கணவர் கூலி நெல் அளக்கப் புது மரக்கால் அடித்து வந்தார். பழையதைவிட உயரத்திலும் அகலத்திலும் பத்தில் ஒரு பங்கு சிறியது. பார்த்தால் தெரியாது.

இன்று களத்தில், அறுப்புக்கு வந்த அஞ்சலை தன் கூடையை ஆட்டிப் பார்த்தாள். "மரக்காலுக்குக் காச்சலாங்க ஐயா? இப்படி இளைச்சிருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வாங்கிய நெல்லை அங்கேயே கொட்டிவிட்டுப் போனார்கள். நாளை யாரும் அறுக்க வரமாட்டார்கள்.

சாப்பிடும்போது இவர் பொருமினார். "பத்துல ஒண்ணு கொறைச்சதுக்கு இந்தக் கூப்பாடா? அதைக் குடுத்துட்டாப் போச்சு."

"பத்துல ஒண்ணு இல்லீங்க. உயரம் கொறையுது, வாய் குறுக்கேயும் கொறையுது, நெடுக்கேயும் கொறையுது. மூணும் சேர்ந்தா கால் பங்குக்கு மேல போயிடுது."

"காலேஜ் படிச்ச திமிரு. ரசத்தை ஊத்து."

திருடியது ஒரு கேவலம். எவ்வளவு திருடினோம் என்றுகூடத் தெரியாதது அதைவிடக் கேவலம். பத்தில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யோக்கியன்போல மீசையைத் தடவிக்கொள்வார். விடிந்ததும் அஞ்சலை வீட்டுக்கு நானே போகிறேன். கால் பங்குக்கு மேல் கேள், ஒரு பிடி குறைந்தாலும் வாங்காதே என்று சொல்லிவிட்டு வருவேன்.