காற்று முறித்த கொப்பு

மச்சான்,

இன்று காலை காய்ந்த சவர்க்காரக் கட்டியை எடுத்து இரண்டு காலிலும் தேய்த்தேன். தண்ணீர் தொடாமல், முழங்கால் வரை, நீ தேய்ப்பதுபோலவே. அட்டை ஏறக் கூடாதே. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வாசலில் நின்று சத்தம் போடுவதுபோல இருந்தது. "இன்னுமா தேய்க்கிற? கல்யாணத்துக்கா போறோம்? வா மச்சான், வெயில் ஏறிரும்!"

நெலு பூத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். எழுதுவது நானேதான், நம்பு. நீ போன பிறகு கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு வைத்தார்கள். இப்போது எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுதவும் செய்வேன். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. அதனால் என்ன, ஆறினதையும் குடிக்கலாம்.

வேலையில்லாத ஞாயிறு என்றால் நமக்குத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் காடுதான். தை மாதம் புல்லில் பனி உறைந்து காலடியில் நொறுங்கும். தூரத்தில் சிவனொளிபாத மலை துடைத்து வைத்ததுபோல நிற்கும். சித்திரை நெருங்கினால் காட்டு மரங்கள் சிவப்பாகத் தளிர் விடும். "காட்டுக்கும் கொழுந்து வந்திருச்சு, எடுக்க ஆளத்தான் காணோம்" என்பாய். ஆனி மழையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் முன்னால் போகும் உன் முதுகைத் தவிர எனக்கு உலகமே கிடையாது. நீ வேதக்காரன். ஆனாலும் ஈர மண்ணில் சிறுத்தையின் கால்தடத்தைப் பார்த்த அன்று சிலுவை போட்ட கையோடு முருகனையும் கூப்பிட்டாய்.

"யேசு கோவிச்சுக்க மாட்டாரா?" என்றேன்.

"அவரு மன்னிச்சிருவாரு மச்சான். சிறுத்தை மன்னிக்குமா?"

இத்தனை நடந்தும் நெலுவை மட்டும் நாம் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் செடி. பூத்த ஆண்டெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நின்றது. போன முறை குறுக்கே வந்தது ஒரு கொப்பு.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், மேலே ஏறும் வழியை அடைத்தபடி அது கிடந்தது. கொப்பு குறுக்கே கிடந்தால் அந்தப் பக்கம் குளவிக்கூடோ சரிவோ இருக்கிறது, போகாதே என்று பொருள். விறகுக்குப் போகிறவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காகப் போட்டு வைப்பது. நாமும் மறுபேச்சில்லாமல் கீழ்ப்பாதையில் இறங்கினோம். பகல் முழுக்க நடந்தும் ஓடைதான் வந்தது, பூ வரவில்லை. திரும்பும்போது நீ அந்தக் கொப்பைத் தூக்கி முனையைப் பார்த்தாய். நார் நாராகக் கிழிந்திருந்தது. யாரும் வெட்டியதில்லை, காற்று முறித்துப் போட்டது. அங்கேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"காலம் பூரா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுன ஆளுங்க நாம. வெட்டுவாய பாத்தே யாரு வெட்டுனதுன்னு சொல்லுவோம். காத்துக்கு ரெண்டு பேரும் மரியாத குடுத்துட்டு வந்திருக்கோம் பாரு!"

மறுநாள் அடைமழை. பூவெல்லாம் கொட்டிப்போனது. நீ அப்போது சிரிக்கவில்லை. "அடுத்த பூவுக்கு நம்மள்ல யாரு இருக்கோமோ அவன் போகணும். பாத்தத ஒண்ணு விடாம மத்தவனுக்குச் சொல்லணும்" என்றாய்.

இன்று புறப்படும்போதே மேற்கே மேகம் கறுத்திருந்தது. மழை முந்தினால் எல்லாம் போச்சு. எனக்கோ இன்னொரு பூவுக்குக் காத்திருக்கிற வயசில்லை. முழங்கால் முனகிக்கொண்டே ஏறியது. பாதை பிரியும் இடத்தில் இப்போது ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பாதி எழுத்தில் பாசி. விரலால் சுரண்டினேன். பின்னால் வந்த ஒரு பெண்பிள்ளை, "வழி தெரியலையா தாத்தா?" என்றாள்.

"இரும்மா, வாசிச்சுக்கிட்டு இருக்கேன்."

'மலை உச்சி' என்று இருந்தது. அம்பு மேலே காட்டியது. ஆனால் மேல்பாதையில், நம்ப மாட்டாய், ஒரு கொப்பு குறுக்கே கிடந்தது. குனிந்து புரட்டி முனையைப் பார்த்தேன். நார் நாராக இருந்தது. "உனக்கு ஒரு தடவ குடுத்த மரியாத போதும்" என்று அதைத் தாண்டிப் போனேன்.

கேள் மச்சான். மரங்களுக்கு அடியில் தரையே தெரியவில்லை. ஊதா என்று சொல்வார்கள். ஊதா மட்டுமில்லை. வெள்ளையும் உண்டு, ரோஸும் உண்டு, நம்ம வீட்டுச் சுவரில் நீ அடித்த நீலமும் உண்டு. சில இடத்தில் என் தலைக்கு மேலே நிற்கிறது. தேனீக்களின் சத்தம், தூரத்திலிருந்து கேட்டால் ஃபேக்டரி ஓடுகிற மாதிரி. காட்டுக்கோழி பயமில்லாமல் காலுக்கிடையில் போகிறது. வாசனை தேன்தான், ஆனால் கொஞ்சம் கசப்பு கலந்த தேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது.

இறங்கும்போது அதே கொப்பை இழுத்துவந்து கீழ்ப்பாதைக்குக் குறுக்கே போட்டேன். கிழிந்த முனையைக் கத்தியால் சாய்வாகச் சீவி, வெட்டுவாய் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். நம் கை வெட்டு.

அந்தப் பிள்ளையும் இறங்கி வந்தாள். "அதான் போர்டு இருக்கே தாத்தா?"

"வாசிக்கத் தெரியாதவங்களும் பூ பாக்க வருவாங்கம்மா" என்றேன்.

இப்போது லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்திருக்கிறது. பெரிய மழைதான். விழட்டும் மச்சான். உன்னிடம் சொல்லியாகிவிட்டது.