கார்டில் ஒளித்த பணம்

2006 ஆகஸ்ட் 21, திங்கள்
மதியம் கம்பெனி கேட்டுக்குத் தம்பி கோவிந்தன் வந்தான். சிங்காரப்பேட்டையில் அம்மா பேரில் இருந்த நிலத்தை விற்றதில் என் பங்கு, முப்பத்தைந்தாயிரம். "மாமாவுக்குத் தெரிய வேணாங்க்கா" என்று சொல்லிப் பையைக் கையில் வைத்தான். தெரியாமல் எங்கே வைப்பது? அரிசி டப்பாவைக்கூடக் கைவிட்டுப் பார்க்கிறவன் ஜெகதீஷ். என் சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு அவன் சட்டைப் பையில். கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்யும் கல்யாணமான பெண்கள் எல்லோருக்கும் இதே கதைதான். மாதக் கடைசியில் சம்பளம் விழுந்தால் ஏடிஎம் வாசலில் புருஷன்மார்கள் வரிசை. நாங்கள் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருப்போம்.

ஆகஸ்ட் 23
மூளை வேலை செய்தது! போன வருஷம் ஓர் ஏஜென்ட் கேட்டில் நின்று எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன கிரெடிட் கார்டு, கம்பெனி லாக்கரில் கிடக்கிறது. பில்லும் கம்பெனி முகவரிக்குத்தான் வரும். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் பேங்க்குக்கு ஓடி முழுப் பணத்தையும் அதில் கட்டினேன். பாக்கி நானூறுதானேம்மா என்றார் கவுண்டர்காரர். இருக்கட்டும் சார் என்றேன். என்னைவிடக் கெட்டிக்காரி ஓசூரிலேயே கிடையாது.

செப்டம்பர் 4
மத்திகிரியில் வீடு பார்த்தாயிற்று. எனக்கும் தர்ஷினிக்கும் தாராளம். வீட்டுக்கார மங்கம்மா, புருஷன் எங்கே என்று கேட்கவில்லை. அதற்கே அவரைக் கும்பிடலாம். அட்வான்ஸ் இருபதாயிரம். மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் விடமாட்டாராம். போய்விடுவேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயே விடுவேன்.

செப்டம்பர் 5
கெட்டிக்காரியாம், மூஞ்சியைப் பார்!
அந்தக் கார்டில் ரொக்கமாக நாலாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாதாம். கூடுதலாகக் கட்டியதை எழுதிக் கொடுத்துத் திருப்பி வாங்க வேண்டுமாம். எங்கே வரும்? என் சம்பளக் கணக்குக்கே வரும். வேறு கணக்கு தொடங்க ரேஷன் கார்டு வேண்டும். அது அவன் பீரோவில். வேறு வழியில்லாமல் எழுதிக் கொடுத்தேன். கணக்கில் நூறு ரூபாய்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், சம்பள நாள்வரை ஏடிஎம் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டான். அதற்குள் வந்துவிட்டால் பாஸ்புக்கைக் காட்டிக் கவுண்டரில் எடுத்துவிடலாம். பத்து நாளில் வந்துவிடும் என்றார்கள்.

செப்டம்பர் 15
வரவில்லை.

செப்டம்பர் 22
பணம் இன்னும் சென்னை ஆபீசில் இருக்கிறதாம். அங்கே என்ன செய்கிறது, கடற்கரை பார்க்கிறதா?

செப்டம்பர் 27
சம்பள நாள் நெருங்கிவிட்டது. பணத்தை அனுப்ப வேண்டாம், கார்டிலேயே கிடக்கட்டும் என்று போனில் கெஞ்சினேன். இனி நிறுத்த முடியாதாம். "உங்க பணம் சேஃபா வந்துடும் மேடம்" என்றாள் அந்தப் பெண், தேன் ஒழுக. யார் கைக்கு வரும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 28
பக்கத்தில் நின்று வேலை செய்யும் பவளம், ஏடிஎம் கார்டு தொலைந்துவிட்டது என்று சொல்லி முடக்கிவிடு என்கிறாள். போன வருஷம் ஒரு தரம் கார்டை ஒளித்தேன். என்மேல் கை வைக்கவில்லை அவன். தர்ஷினியை வெளியே மழையில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, நான் எடுத்துக் கொடுக்கும்வரை டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வயசுப் பிள்ளை, பாவி! மறுபடி என்னால் முடியாது.

செப்டம்பர் 29, வெள்ளி
லீவு போட்டுவிட்டு பேங்க்கிலேயே உட்கார்ந்திருந்தேன். கவுண்டர் மூடும்வரை ஏறவில்லை. நாளைக்கு அரையாண்டுக் கணக்கு முடிப்பு, மறுநாள் ஞாயிறு, திங்கள் காந்தி ஜெயந்தி, செவ்வாய்க்கிழமை வாங்கம்மா என்றார்கள். கவுண்டருக்குத்தானே லீவு. ஏடிஎம்முக்கு ஏது?

செப்டம்பர் 30
கம்பெனியில் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிப் பொட்டலத்தோடு அனுப்பினார்கள். சம்பளமும் விழுந்துவிட்டதாம்.
ஜெகதீஷ் பிரியாணியோடு வந்தான். தர்ஷினிக்குப் புது கவுன். ஒரு கேள்வி கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்தான். "நல்லா சாப்புடு. எளைச்சிப் போய்ட்ட" என்றான். வந்துவிட்டது. பணம் வந்துவிட்டது.

அக்டோபர் 1
காலையிலேயே மறுபடி ஏடிஎம்முக்குப் போனான். மெஷின் ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம்தான் தரும்.

அக்டோபர் 2
இன்றைக்கும் போனான். சீட்டியடித்துக்கொண்டே.

அக்டோபர் 3, செவ்வாய்
பாஸ்புக்கில் அச்சடித்துக் கொடுத்தார்கள். என் பணம் சனிக்கிழமை வரவாகியிருக்கிறது. மீதி நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். மங்கம்மா வீட்டை நேற்றே வேறு யாருக்கோ விட்டுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.
சாயங்காலம் கேட்டில் காத்திருந்து, நேராக பைக் ஷோரூமுக்குக் கூட்டிப்போனான். மாலை போட்ட புது வண்டி. முன்பணம் கட்டியாயிற்றாம், மிச்சத்துக்கு லோன். "சம்பள ரசீது ஒன்னுதுதானே இருக்குது, ஒம்பேர்லயே போட்டுக்கலாம்" என்றான். அப்புறம் காதருகே குனிந்து, "அவ்ளோ பணம் ஏதுன்னு நான் கேக்கவே இல்ல பாத்தியா?"
காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். தர்ஷினி வண்டிமேல் உட்கார்ந்து ஹாரனை அமுக்கி அமுக்கிச் சிரித்தாள்.
வரும் வழியில் சொன்னான். "இனிமே ஒனக்கு பஸ்ஸு வேணாம். காலைல நானே கேட்டுல உட்டுட்டு, சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."
சரி என்றேன்.