பகலில் தூங்குகிறவர் வீடு

இன்று காலை அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்ததும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அணைத்த பிறகுதான் நினைவு வந்தது, வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று. நம் அமுலுவுக்கு இன்று டியூட்டி கிடையாது. எதிரிலேயே உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, பருப்பு வேவ வேணாவா? இன்னாத்துக்கு இப்டி அலறி அடிச்சிகினு ஓடியார?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது. அதான் எழுதுகிறேன்.

நாம் கல்யாணம் ஆகித் திருவொற்றியூருக்கு வந்த புதிதில் எனக்கு ராத்திரி ஷிப்ட் என்றால் என்னவென்றே தெரியாது. என் அப்பா கடலுக்குப் போகிறவர். வலை இழுத்து வந்து எந்தச் சத்தத்திலும் தூங்குவார், தலைமாட்டில் சண்டை நடந்தாலும் புரண்டு படுப்பார். உனக்கோ ஊசி விழுந்தால் விழிப்பு வந்துவிடும். கம்பெனியில் உனக்கு ராத்திரி 'சி' ஷிப்ட் வரும் வாரம் நம் வீட்டுக்கு வேறு சட்டம். குக்கர் பரண்மேல் ஏறிவிடும், பானையில் வடித்த சோறுதான். மாவு அரைப்பதை முந்தின நாளே முடித்துவிடுவேன். பாத்திரத்தைத் தரையில் வைத்தால் அடியில் ஒரு பழந்துணி. காலில் இருந்த கொலுசைக்கூடக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன்.

மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாய்.

"இன்னாமே, கொலுசு எங்க?"

"கழட்டி வச்சிட்டேன். நீ தூங்கணும்ல."

"அட லூசு. நீ வூட்ல நடந்துகினு கீறேன்னு தெரிஞ்சாத்தான்மே எனக்குத் தூக்கமே வருது. மாட்டு மாட்டு."

அன்றிலிருந்து நம் வீட்டில் பகல் முழுக்க அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் அனுமதி.

நம் சந்தில் அப்போது பாதி வீடு கம்பெனி வீடு. யார் வீட்டுக் கதவு நாதாங்கியில் காக்கிச் சட்டை தொங்குகிறதோ அந்த வீட்டில் ராத்திரி வேலை பார்த்த ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். யாரும் கூடிப் பேசி வைத்த பழக்கம் இல்லை அது. ஆனால் மீறுகிறவரும் இல்லை. பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் போய்விடும். அடி பம்பில் தண்ணீர் அடிக்கிறவள் பாதிப் பாதியாக அமுக்கி அடிப்பாள். எதிர்வீட்டுத் தேசம்மா காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்து விற்பவள், அவள் குரல் நான்கு தெரு தாண்டிக் கேட்கும். நம் வாசலுக்கு வந்ததும் கூடையை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, திருட்டுச் சரக்கு விற்பவள் மாதிரி என் காதோரம் வந்து, "நெத்திலி கீதுக்கா... நல்லா கீது..." என்பாள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடு. உள்ளே இருந்து நீ ஒருநாள், "அவ நெத்திலி விக்கிறாளா, கஞ்சா விக்கிறாளா?" என்று கேட்டாய். தூங்கவே இல்லை அன்றைக்கு நீ.

பிறகு கம்பெனியை மூடினார்கள். காக்கிச் சட்டைகள் ஒவ்வொன்றாகச் சந்தை விட்டுப் போயின. நீ மட்டும் எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ராத்திரிக் காவலுக்குச் சேர்ந்தாய். சட்டை நீல நிறமானது, அவ்வளவுதான். நாதாங்கியும் அதேதான், சந்தின் மரியாதையும் அதேதான்.

அந்த ஆடி மாதத்து நாளை நான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ அங்கேதான் இருந்தாய். ஆனாலும் உனக்குத் தெரியாது.

காலையில் வந்தாய். இட்லி தின்றாய், டீ குடித்தாய். "அசதியா கீதுமே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். தேசம்மா வந்தாள். வழக்கம்போலக் காதோரம் சொல்லிவிட்டுப் போனாள். கூழ் ஊற்ற வசூலுக்கு வந்த பிள்ளைகள் சந்து முனையிலேயே உன் சட்டையைப் பார்த்துவிட்டு மேளத்தை நிறுத்தி, சத்தமில்லாமல் நடந்து வந்து தட்டை நீட்டினார்கள். தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடிக்கப் போனான், நான் கை காட்டி நிறுத்தினேன். இரண்டு முறை உள்ளே வந்து எட்டிப் பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நீ திரும்பிப் படுத்தபடியே இருந்தாய். இன்றைக்காவது நன்றாகத் தூங்குகிறாரே என்று கதவை ஒருக்களித்துவிட்டுப் போனேன்.

வெயில் சாய்ந்த பிறகு டீ போட்டுக்கொண்டு வந்து உன் காலைத் தொட்டேன். அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, படுத்த கொஞ்ச நேரத்திலேயே போய்விட்டது, நீங்கள் எழுப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். நான் தலையை ஆட்டினேன். உள்ளே இறங்கவில்லை. பகல் முழுக்க நான் எதற்குக் காவல் இருந்தேன் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. அன்று ராத்திரி வாசலில் மேளம் அடித்தபோது, "நிறுத்துங்கப்பா, அவரு தூங்குறாரு" என்று நான் எழுந்து சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. தேசம்மாதான் வெகுநாள் கழித்துச் சொன்னாள்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. உடம்பு படுத்துக்கொள்ளும், காது படுக்காது. எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வண்டிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நகரும் சத்தம், நாய், கொசு, ஃபேனில் ஒரு இறக்கை கடகடப்பது. எல்லாவற்றுக்கும் நடுவில் பக்கத்தில் மூச்சு வருகிறதா என்று தேடிக்கொண்டே இருக்கும்.

கிளினிக்கில் பாதி மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை, தலையில் ஈரச் சாக்கைப் போட்ட மாதிரி இருந்தது. திரும்பப் போய்ச் சொன்னேன். அங்கிருந்த டாக்டரம்மா மாத்திரையை நிறுத்திவிட்டு, சாயந்திரம் டீ வேண்டாம், பகலில் படுக்க வேண்டாம், கொஞ்சம் நடங்கள் என்றார். தேசம்மா பாலில் கசகசா அரைத்துக் கொண்டுவந்தாள். அமுலு, "நூறுலேர்ந்து பின்னாடி எண்ணும்மா" என்றாள். முன்னால் எண்ணினாலே எனக்கு எழுபதுக்கு மேல் குழப்பம். பின்னால் எண்ணப் போய் அந்தக் கணக்கிலேயே விடிந்துவிட்டது.

நீ சொல்வாய்: "தூக்கம் மீனு மாதிரிமே. தொரத்துனா ஓடும். நீ சும்மா கீ, அதுவா வரும்." நானும் சும்மா இருந்துதான் பார்த்தேன். சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை.

நான் தூங்காதது என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரியில் அமுலுவுக்கு ராத்திரி டியூட்டி போட்டார்கள். நர்ஸ் வேலையில் அது தப்பாது. காலையில் மெட்ரோவில் வந்து இறங்குவாள். வெள்ளைக் கோட்டை நாதாங்கியில் மாட்டுவாள், படுப்பாள். உனக்குச் செய்த மரியாதையைச் சந்து அவளுக்கும் செய்தது. அந்த அமைதிதான் எனக்கு ஆகவில்லை. சந்து அடங்க அடங்க என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளே போய் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். வெளியே வருவேன். அரிசி களைவதற்குள் மறுபடியும் போவேன். ஃபேன் காற்றில் மூச்சு தெரியாமல் போனால் தோளை உலுக்கிவிடுவேன். பாவம், திடுக்கிட்டு எழுந்து உட்காருவாள். "ஒண்ணுமில்ல, தூங்கு தூங்கு" என்பேன். எப்படித் தூங்குவாள்?

ஒருநாள் காலை வந்தவள் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"எம்மா, நேத்து ஒரு பேஷண்டு ஊசிய எடுத்துகினு அடுத்த பெட்டுக்கிட்ட போயி நின்னேன். கூட இருந்த சிஸ்டர் கையப் புடிச்சி நிறுத்துனாங்க. இல்லாங்காட்டி..." என்றாள். "எனுக்குத் தூக்கம் பத்தலம்மா. ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல எடம் கீதாம். கொஞ்ச நாளு அங்கப் போயி படுக்கறேன்."

"போனா நான் இன்னா பண்ணுவேன்?"

"நீ என்னியத் தூங்க வுட்டா நான் இன்னாத்துக்குப் போறேன்? நைனா போன மாதிரி நானும் பூடுவேன்னு நெனைக்கிற. நெனைக்கிறதுல தப்பில்லம்மா. ஆனா அதுக்காக என்னிய எழுப்பி எழுப்பியே சாவடிக்கிற."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். இந்தச் செவ்வாய்வரை பார், அப்புறம் போ என்றேன். அந்த நான்கு நாளும் விரலைக் கட்டிப்போட முடியவில்லை என்னால். திங்கட்கிழமை அவள் பையில் துணி மடித்து வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் படுத்ததும் நான் வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். எதிர்வீட்டில் தேசம்மா ஒரு குண்டான் இறாலை வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தவள் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"இந்தா, நீயும் உரி. கை சும்மா இருந்தா உள்ள ஓடும்."

உரித்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்தேன். அவள் இறால் கையோடு என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"எங்க போற?"

"ஒரு தபா பாத்துட்டு வந்துர்றேன்."

"குந்துக்கா." அப்புறம் இறாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கி நானும்தான் உன் வாசல்ல கொரல அடக்கினு போனேன். நாலு தெருவுக்குக் கேக்குற கொரலு எனுக்கு. ஒரு வாட்டி கத்தியிருந்தா அண்ணன் எழுந்திருப்பாரான்னு எத்தினி நாளு நெனச்சிகினு அழுதேன் தெரியுமா? அந்த மோளம் அடிச்ச பசங்களும் இதையேதான் கேட்டுதுங்க, தண்ணி லாரிக்காரன் கேட்டான். உனுக்கு மட்டும்னு நெனச்சியா? தெருவே கேட்டுகினு கீது."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"ஆனா ஒண்ணு," என்றாள். "ஊரு பூரா பொத்தி வச்சி, ஒரு சத்தம் காதுல வுழாம போனாரு பாரு அந்த மனுசன். நம்மளுக்கெல்லாம் அந்த கொடுப்பினை எங்க? எனுக்குச் சாவு வந்தா எவனாவது நெத்திலின்னு கத்திகினு இருப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இறால் ஓடு ஒட்டின கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிகிறது எரிகிறது என்று துடித்தேன். தேசம்மா தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "மெதுவாமே, புள்ள தூங்குது" என்றாள்.

வெயில் சந்தை விட்டு ஏறி எதிர்ச் சுவருக்குப் போனது. உன் காலைத் தொட்ட நேரம் அது. எழப் பார்த்தேன். தேசம்மா என் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டாள். மீன் வாடை அடிக்கும் கை. கனமான கை. நான் உள்ளே போகவில்லை. அந்த நேரத்தை நான் எப்படித் தாண்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நகரவில்லை, அவ்வளவுதான்.

இறால் முடிந்தது. ஓடுகளைக் காகிதத்தில் மடித்தோம். அப்போது பின்னால் கதவு கிரீச்சிட்டது. அமுலு நின்றாள். தலை ஒரு பக்கம் கலைந்து, கன்னத்தில் பாயின் வரி அச்சாகப் பதிந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு.

"இன்னா மணி ஆவுது? எம்மா, நீ எழுப்பவே இல்லியா?" என்றாள். பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டே, "டீ கீதா?" என்று கேட்டாள்.

எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள் எனக்கு, நீ போன பிறகு. அவள் டீ கேட்ட மாதிரி எதுவும் உள்ளே இறங்கவில்லை.

மடித்து வைத்த துணி ஒரு வாரம் பையிலேயே கிடந்தது. பிறகு அவளே எடுத்து அலமாரியில் வைத்தாள்.

எனக்கு இன்னும் முழுத் தூக்கம் கிடையாது. பொய் சொல்ல மாட்டேன். சில ராத்திரி கொஞ்சம் கண் அயர்கிறேன், சில ராத்திரி விடியும்வரை டிரெய்லர் சத்தம்தான். டாக்டரம்மா சொன்னபடி சாயந்திரம் கடற்கரைச் சாலையில் தேசம்மாவோடு நடக்கிறேன். அவள் பேசிக்கொண்டே வருவாள், நான் கேட்டுக்கொண்டே வருவேன். தூக்கம் வராத நேரத்தில் முன்பு மாதிரி எழுந்து நடமாடுவதில்லை. வராவிட்டால் போகட்டும் என்று படுத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஒருத்தர் மூச்சை அடுத்த அறையிலிருந்தே கேட்கிற காது. உன்னோடு இருந்த வருஷமெல்லாம் பழகிப் பழகி வந்தது அது, அந்த ஒரு நாள் மட்டும் ஏமாந்துபோனது. அதைப் போக்கிக்கொள்ளத்தான் இத்தனை நாளும் மருந்து தேடினேன். இனி வேண்டாம். அமுலு தூங்கும்போது நான் வெளியே அரிசி புடைத்துக்கொண்டே கேட்கிறேன். கேட்கிறது. உள்ளே போகாமலே கேட்கிறது.